வகுபடாத மலை

வெள்ளைக்கல் தோட்டத்து முத்துவீரனிடம் யாராவது தங்கள் வயதைச் சொன்னால், அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவன் யோசிப்பதில்லை. அந்த எண்ணுக்கு ஆகிவிட்டதா என்றுதான் யோசிப்பான். முப்பது என்றால் முகம் மலரும். முப்பதுக்கு இரண்டு உண்டு, மூன்று உண்டு, ஐந்து, ஆறு, பத்து, பதினைந்து என்று வீடு நிறைய ஆள். முப்பத்தொன்று என்றால் உச்சுக் கொட்டுவான். அடுத்த வீட்டில் அத்தனை கூட்டம் இருக்க, அது மட்டும் யாரோடும் ஒட்டாமல் நிற்கிற ஒண்டிக்கட்டை.

இந்தப் பைத்தியம் அவனுக்குப் பால் வெட்டுகிற காலத்தில் பிடித்தது. விடிந்ததும் ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்துவிட்டால், பால் வடிந்து முடியும்வரை சும்மாதான் இருக்க வேண்டும். மற்றவர்கள் வெற்றிலை போட்டார்கள், ஊர்க்கதை பேசினார்கள். முத்துவீரன் கீழே கிடக்கும் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வரிசை கட்டிப் பார்த்தான். பன்னிரண்டு கொட்டையை இரண்டு வரிசையாக வைக்கலாம், மூன்று வரிசையாகவும் வைக்கலாம். பதின்மூன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒரே நீளமாகத்தான் அடுக்க முடிந்தது. அப்படிப்பட்டவற்றுக்குத்தான் அவன் ஒண்டிக்கட்டை என்று பேர் வைத்தான்.

பிறகு வேறு இனங்களும் அகப்பட்டன. இருபத்தெட்டுக்குள் மிச்சமில்லாமல் போகிற ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினாலு எல்லாவற்றையும் கூட்டினால் அதே இருபத்தெட்டு வந்தது. அதற்கு நிறைகுடம் என்று பேர். கூட்டினது குறைந்தால் அரைக்குடம், கூடினால் வழிகிற குடம். இருபத்தெட்டுக்கு அடுத்த நிறைகுடம் நானூற்றுத் தொண்ணூற்றாறு என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் பால் வாளியைக் காலால் தட்டிவிட்டான். அன்றைக்கு அவனுக்கு அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான் விழுந்தது.

இதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் மூன்றாம் வகுப்பு முடிக்கும் முன்பே வாத்தியார் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு வாத்தியார் வரவில்லை. இதெல்லாம் படித்தவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயமா, இல்லை தனக்கு மட்டும் வந்த கிறுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது. சில நாள் தன்னைப் போல ஒருவன் ருவான்வெல்லை வட்டாரத்திலேயே இல்லை என்று தோன்றும். சில நாள், கொட்டை பொறுக்குகிற வயதைத் தாண்டாத ஒருவன் என்று தோன்றும். இரண்டில் எது சரி என்று அவனால் தீர்க்க முடிந்ததில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், முப்பத்துநாலு வயதில், அவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. அதுவரை அந்த வேலைக்கு வெளியிலிருந்துதான் ஆள் வருவார்கள். லயத்தில் பிறந்து வெட்டுக்கத்தி பிடித்த ஒருவன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மலைக்குப் போனது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அவனுடைய மனக்கணக்கைப் பார்த்துத் துரையே கொடுத்த வேலை. கண்டாக்கையாவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. துரைக்குக் கீழே மலை வேலை முழுவதையும் மேய்க்கிறவர் அவர். காக்கிக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போடுவார்; துரையோடு இங்கிலீசில்தான் பேசுவார். கேகாலையில் இங்கிலீசு படித்து முடித்த தங்கச்சி மகன் ஒருவன் அவருக்கு இருந்தான். அந்தப் பென்சில் அவன் காதுக்கு அளவெடுத்துச் செய்தது என்பது அவர் எண்ணம்.

ஆவணி மாதத்தில் ஏழாம் நம்பர் மலையில் ஒரு சண்டை வந்தது. புதிதாகப் பால் வெட்ட விட்ட மலை அது. மரங்களை அளவில்லாமல் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு நூற்றுப் பத்து, ஒருவருக்கு நூற்று அறுபது. குறைந்த மரம் உள்ளவர்கள் சீக்கிரம் முடித்துப் பால் நிறுக்கிற இடத்துக்கு முதலில் போய்விடுவார்கள். ஒரு நாள் சுப்பம்மா முன்னால் போனாள்; பின்னால் நின்ற சின்னம்மா ஏதோ சொன்னாள்; சுப்பம்மா வாளிப் பாலைத் தூக்கி அவள் தலையில் ஊற்றினாள். ரப்பர் பால் தலைமயிரில் காய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சின்னம்மாவின் கொண்டையை அரிவாள்மனையில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த கொண்டையோடு அவள் நேரே துரை பங்களாவுக்குப் போனாள்.

துரை அந்தக் கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உத்தரவு போட்டார். ஏழாம் மலையில் எல்லாருக்கும் ஒரே அளவு மரம். ஒரு மரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எத்தனை ஆள் போடுவது என்று முத்துவீரன் எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்.

முத்துவீரன் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு நாள் எண்ணினான். எண்ணின மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு. நூறு மரத்துக்கு ஒரு தடவை கயிற்றில் ஒரு முடிச்சு. கடைசியில் நூறு முடிச்சும் ஏழு மரமும் வந்தன. பத்தாயிரத்து ஏழு. கண்டாக்கையா அதை நம்பவில்லை. வேறு ஆட்களை வைத்து, காவிப் பொட்டுப் போட்டு, தானே கூட நடந்து மறுபடி எண்ணினார். அதே பத்தாயிரத்து ஏழு. தான் எண்ணினால் ஓர் இலைகூடத் தப்பாது என்று ஆபீசில் எல்லாரிடமும் சொன்னார். எண்ணிக்கை ஒத்துப்போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்த மாதிரி தெரிந்தது.

வம்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அறுபது பேருக்குப் பிரித்துப் பார்த்தான், மிச்சம் வந்தது. அறுபத்தொன்றுக்கு மூன்று மரம் மிச்சம். எழுபது, எழுபத்தைந்து, எண்பது, எதற்கும் சரியாக வரவில்லை. ஆளுக்குப் பிரியாவிட்டால் கூட்டத்துக்குப் பிரி என்றார் துரை. ஐந்து கூட்டமோ ஐம்பது கூட்டமோ போட்டு, கூட்டத்துக்கு இத்தனை மரம் என்று சமமாகக் கொடுத்துவிட்டால் அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில், கண்டாக்கையாவும் நிற்கும்போது, முத்துவீரனுக்கு வாய் முந்திக்கொண்டது.

“எத்தனை கூட்டம் போட்டாலும் பிரியாதுங்க தொர. இது ஒண்டிக்கட்ட நம்பர். எதுக்குமே பிரியாது.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முப்பத்தொன்று வரைக்கும், அப்புறம் அங்கங்கே சிலதும்தான் அவன் போட்டுப் பார்த்திருந்தான். மற்றதெல்லாம் மனசு சொன்னது. மனசு சொன்னதை மலை மாதிரி சொல்லிவிட்டான்.

கண்டாக்கையா சிரித்தார். பத்தாயிரத்துக்கு மேலே இருக்கிற ஓர் எண் எதற்குமே பிரியாது என்று சொல்கிறவனுக்குக் கணக்கு வராது என்று அர்த்தம், கணக்கு வராதவனைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடுவது துரைக்குத்தான் குறைவு என்று துரையிடம் விளக்கினார். துரைக்கு முகத்தில் ஒரு குறுகுறுப்பு வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து அதைக் காட்டு என்றார். காட்ட முடியாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து முத்துவீரன் புல்லு வெட்டப் போகலாம், கேகாலைப் பையன் வரலாம்.

லயத்துக்குத் திரும்புகிற வழியில் முத்துவீரன் தன்னையே வைதுகொண்டான். தெரியாது என்று சொல்வதற்கு என்ன கேடு? அதைச் சொல்லப் பயந்துதான் எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டானோ? எதற்குமே பிரியாது என்று காட்ட வேண்டுமானால், பாதி எண் வரைக்குமாவது, அதாவது ஐயாயிரம் வரைக்கும், ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று நுழையாத வீட்டில் ஆறும் ஒன்பதும் நுழையாது என்று பலதைத் தள்ளிவிடலாம். அப்படியும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அவனிடம் இருந்தது ஐந்து நாள்.

புதன்கிழமை காகிதம் வாங்க ருவான்வெல்லைக் கடைவீதிக்கு இறங்கினான். மக்கீன் கடையில்தான் எப்போதும் வாங்குவது. மக்கீன் துணியும் சாமானும் விற்கிறவர், வாய்ப்பாட்டில் புலி. தலைகீழாகக் கேட்டாலும் சொல்வார். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாடிக்கைக்காரர்களை மறந்துவிட்டுச் சாமான் கட்டுகிற தாளில் வகுக்கத் தொடங்கினார்.

“எண்ணு பெருசாக ஆக, அத வகுக்க வார ஆளும் கூடத்தானே செய்யுது, கணக்கப்புள்ள. பத்தாயிரத்துக்கு மேல ஒண்டிக்கட்ட எங்க ஈக்கி?”

அதில் நியாயம் இருந்தது. மக்கீன் இருபத்துமூன்றால் வகுத்தார்; இரண்டு மிச்சம். இருபத்தொன்பதால் வகுத்தார், அதற்கும் இரண்டுதான் மிச்சம். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ரெண்டு மரத்துக்கு ஏதாவது சீக்கு வந்துவிட்டால் எல்லாம் ஹரி, சரியாகிவிடும் என்றார். வேரில் கொஞ்சம் உப்பு போதும். பத்தாயிரத்து ஐந்து ஆகிவிட்டால் அறுபத்தொன்பது பேருக்கு நூற்று நாற்பத்தைந்து மரம், கச்சிதமாகப் பிரியும். உப்பு வேண்டுமானால் தன் கடையிலேயே இருக்கிறது.

மலையேறுகிற வழியெல்லாம் முத்துவீரன் அந்த இரண்டு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனான். ஓடை ஓரத்தில் பால் வற்றிய ஒன்று. கற்பாறைக்குப் பின்னால் கோணலாக வளர்ந்த ஒன்று. லயத்து வாசல் வந்தபோது கோணல் மரத்தின் மேல் அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுவும் போக, அப்படிச் செய்தால் கணக்குப் போட்டதாக ஆகாது. கணக்கை விஷம் வைத்துக் கொன்றதாகத்தான் ஆகும்.

வியாழக்கிழமை பின்னேரம் அவன் லயத்தில் தன் வீட்டுக் காம்பரா வாசலில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி கருப்பாயி மூன்றாம் நம்பர் மலையில் பால் வெட்டுகிறவள். வேலை முடிந்து வந்து, முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புருஷன் பன்னிரண்டு வருஷமாகப் பேசுகிற எண்பேச்சைக் கேட்டுக் கேட்டு, எந்த எண் எந்தக் குடம் என்று மட்டும் தெரியும்.

“இப்ப எங்கங்க நிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“அறுவத்தேழு முடிஞ்சிருச்சு.”

“எதுவரைக்கும் போகணும்?”

“அஞ்சாயிரம்.”

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். “ஒரு நம்பர் உள்ள போச்சுன்னா, எத்தனை தடவ போச்சுன்னு இன்னொரு நம்பர் வருமில்ல. அதுவும் உள்ள போகும்தானே?”

“போகும்.”

“அப்ப அதுக ஜோடியாத்தான வரும். மாப்பிள்ளை ஒசரமா இருந்தா பொண்ணு குட்டையா இருப்பா. குட்டையா இருக்கிறவளத் தேடிப் பாருங்க. அவ இல்லேன்னா அவனும் இல்ல. அவன எதுக்கு அஞ்சாயிரம் வரைக்கும் போய்த் தேடுறீங்க?”

முத்துவீரன் அவளைப் பார்த்தான். பிறகு, அவள் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்கிற மாதிரி, ரெண்டு பேருமே உயரமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டான். கேட்டுக்கொண்டே பெருக்கிப் பார்த்தான். நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் பத்தாயிரத்து இருநூற்று ஒன்று. மலையைத் தாண்டிப் போய்விட்டது. ஜோடியில் இரண்டும் நூறைத் தாண்டினால் பத்தாயிரத்து ஏழுக்குள் அடங்காது. ஆகவே இரண்டில் ஒன்று நூறுக்குள் இருந்தே தீர வேண்டும். நூறுக்குள் ஒருத்தி இல்லை என்றால் இந்த உலகத்திலேயே இல்லை.

ஐயாயிரம் வரைக்கும் நடக்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு மிச்சம் இருந்தது ஆறே ஆறு எண்கள். எழுபத்தொன்று, எழுபத்துமூன்று, எழுபத்தொன்பது, எண்பத்துமூன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றேழு. அவள் அரிசியைக் களைந்து உலையில் போடுவதற்குள் ஆறையும் முடித்துவிட்டான். எழுபத்துமூன்று ஆறு மிச்சம் வைத்துப் பயமுறுத்தியது. தொண்ணூற்றேழு பதினாறு மிச்சம் வைத்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. முன்னே எங்கேயாவது தப்புப் பண்ணியிருக்கிறானா என்று முதலிலிருந்து மறுபடி போட்டான். மனசு சொன்னது சரிதான். பத்தாயிரத்து ஏழு சுத்தமான ஒண்டிக்கட்டை. அவன் வாழ்நாளில் சந்தித்ததிலேயே பெரியது.

சனிக்கிழமை காலையில் அவன் வெளுத்த வேட்டி கட்டி, கோட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டான். கையில் ஒரு முழுத் தாள். அதில் இரண்டிலிருந்து தொண்ணூற்றேழு வரைக்கும் இருபத்தைந்து வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் மிச்சம். ஆபீசுக்குப் போகிற குறுக்குப் பாதை ஏழாம் மலையின் மேல் மூலையில் முனியாண்டி சாமியைத் தொட்டுக்கொண்டு போகும். காடு வெட்டி ரப்பர் வைத்த வருஷமே, அந்த மூலை மரத்தடியில் ஒரு கல்லை நட்டுச் சூலம் ஊன்றிச் சாமி வைத்துவிட்டார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். முத்துவீரன் செருப்பைக் கழற்றி, சூடம் கொளுத்தி, தாளைக் கல்லின் முன்னால் வைத்துக் கண்ணை மூடினான்.

மேலே பட்டென்று ஒரு சத்தம். ரப்பர் காய் வெடித்து ஒரு கொட்டை தாளின் மேல் விழுந்தது.

அவன் கண்ணைத் திறந்து கொட்டையைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். அது ரப்பர் மரம்.

எத்தனையோ வருஷமாக அந்த மரத்தைக் கும்பிட்டிருக்கிறான். அது என்ன மரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரும் அதில் கத்தி வைத்ததில்லை, சிரட்டை கட்டினதில்லை. அடிமரத்தில் தன்னுடைய சுண்ணாம்புப் பொட்டைத் தேடினான். ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பட்டையுமாகச் சாமிக்கு அடித்திருந்தார்கள். அவன் கூட்டி வந்த பெண்கள் வெள்ளையைப் பார்த்திருப்பார்கள், எண்ணின மரம் என்று தாண்டியிருப்பார்கள். கண்டாக்கையாவின் ஆட்கள் காவியைப் பார்த்திருப்பார்கள், அவர்களும் தாண்டியிருப்பார்கள். பட்டையே இல்லாவிட்டாலும் தாண்டித்தான் இருப்பார்கள். சாமியை யாராவது நெஞ்சில் பொட்டு வைத்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணுவார்களா?

பத்தாயிரத்து எட்டு.

அவன் வேண்டாம் என்று நினைப்பதற்குள் மனசு வகுத்துவிட்டது. எட்டுக்குப் போகும், ஒன்பதுக்குப் போகும். எழுபத்திரண்டு பேருக்கு ஆளுக்கு நூற்று முப்பத்தொன்பது மரம், ஒரு மிச்சம் இல்லை. யாரோடும் ஒட்டாத அந்த எண்ணுக்கு ஒரே ஓர் அடி தள்ளி, தன்னையும் சேர்த்து இருபத்துநாலு பேர் உள்ளே போய் வருகிற வீடு. பத்தாயிரத்து எட்டை மட்டும் தள்ளிவிட்டு மற்ற இருபத்துமூன்றையும் கூட்டினால் பதினேழாயிரத்துக்கு மேலே போகிறது. வழிகிற குடம்.

அவன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். தாளில் எழுதியது ஒன்றும் தப்பில்லை. கண்டாக்கையாவும் அதே எண்ணைத்தான் எண்ணியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு தாளை நீட்டினால் வேலை நிலைத்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? முனியாண்டிக்குத் தெரியும். ஆனால் முனியாண்டி இத்தனை வருஷம் தன்னை எண்ணவில்லை என்று ஒருவரையும் கேட்டதில்லை. சொன்னாலோ, ஆறு நாள் நடந்து எண்ணியும் தினம் கும்பிடுகிற மரத்தை விட்டவன் என்று பேர் வரும். துரை அந்த மரத்தில் கத்தி வைக்கச் சொன்னால் அதைவிடப் பெரிய வம்பு.

சொல்லாவிட்டால், பிரியாத மலையில் நாளைக்கும் ஒருத்தி இன்னொருத்தி தலையில் பால் ஊற்றுவாள். தான் காப்பாற்ற நினைப்பது வேலையையா, அந்த ஒண்டிக்கட்டையையா என்று அவனுக்குக் குழப்பமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று தெளிவாயிற்று. இந்த மலையில் எத்தனை மரம் நின்றாலும் பத்தாயிரத்து ஏழு ஒண்டிக்கட்டைதான். மலையே இல்லாவிட்டாலும் ஒண்டிக்கட்டைதான். அதற்கு அவனுடைய காவல் தேவையில்லை. அவன் தாளை எடுத்து மடித்துக்கொண்டு எழுந்தான்.

ஆபீசில் துரை தாளை வாங்கி, நடுவில் மூன்று வரியைத் தொட்டுத் தன் பென்சிலால் போட்டுப் பார்த்தார். எதற்கு நூறோடு நிறுத்தினாய் என்று கேட்டார். முத்துவீரன் மாப்பிள்ளை பெண் கதையைச் சொன்னான். துரை நாற்காலியில் சாய்ந்து அவனை ஒரு புதுச் சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தான் பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வருஷம் படித்ததாகவும், அங்கே பெண்ணும் இல்லை மாப்பிள்ளையும் இல்லை என்றும் சொன்னார். கண்டாக்கையா, எல்லாம் சரி, ஆனால் மலை இன்னும் பிரியவில்லையே என்றார்.

“பிரியுதுங்க தொர,” என்றான் முத்துவீரன். “இந்தக் கணக்கு சரிங்க. மரம் எண்ணினதுதான் தப்புங்க. ஒரு மரம் விட்டுப்போச்சு.”

கண்டாக்கையாவுக்கு வேறு என்ன வேண்டும். ஒரு மரத்தைக் கோட்டை விட்டவனிடம் தோட்டத்தை எப்படி நம்பி விடுவது என்று தொடங்கி, கேகாலைப் பையனின் சர்ட்டிபிகேட் வரைக்கும் வந்துவிட்டார். துரை கையைக் காட்டி நிறுத்தி, தமிழிலேயே கேட்டார்.

“கண்டாக்கு, நீ எண்ணினது எத்தனை?”

கண்டாக்கையா தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். துரை முத்துவீரன் பக்கம் திரும்பி, எந்த மரம் என்று கேட்டார். மூலை மரம் என்றும், முனியாண்டி இருக்கிற மரம் என்றும், அதையும் சேர்த்தால் எழுபத்திரண்டு பேருக்கு ஆளுக்கு நூற்று முப்பத்தொன்பது மரம் என்றும் அவன் சொன்னான். சாமி பேரைக் கேட்டதும் கண்டாக்கையாவின் கை, தொப்பியோடு சேர்ந்து, தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே தேங்காய் உடைக்கிறவர் அவர்.

“அது மரமில்லைங்க சேர்,” என்றார் மெதுவாக. “அது சாமி.”

“பால் வருமா?”

“வெட்டக் கூடாதுங்க,” என்று முத்துவீரனும் கண்டாக்கையாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வெட்டாவிட்டால் அந்த எழுபத்திரண்டாவது ஆளுக்கு ஒரு மரம் குறைகிறதே, மறுபடியும் கொண்டை பங்களாவுக்கு வருமே என்று கேட்டார்.

இதை முத்துவீரன் வழியில் யோசித்து வைத்திருந்தான். அந்தப் பங்கு யாருக்கு விழுகிறதோ, அவர்தான் விடிந்ததும் சாமி வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து விளக்கு வைக்க வேண்டும். ஒரு மரம் வெட்டுகிற நேரம் அதற்குச் சரியாகப் போய்விடும். நூற்று முப்பத்தெட்டு மரமும் ஒரு சாமியும். துரை அதை மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். சரி என்றார். பிறகு கண்டாக்கையாவை வெளியே அனுப்பிவிட்டு முத்துவீரனிடம் கேட்டார்.

“நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாது. ஏன் சொன்ன?”

இதற்கு அவன் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை.

“எழுவத்திரெண்டு பேருக்குப் பிரியுதுங்களே,” என்றான்.

துரை சிரிக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டில் ஏழாம் மலைக்கு நீயே பேர் கூப்பிடு, பங்கு யார் யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடு என்று சொல்லிவிட்டுத் தாளைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அதைத் திருப்பித் தருவாரா என்று கேட்க முத்துவீரனுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது காம்பரா வாசலில் புல்லுச் சுரண்டி ஒன்று புதிதாகச் சாத்தியிருந்தது. நன்றாகத் தீட்டியிருந்தார்கள். அது யாருடையது என்று கேட்டான்.

“அடுத்த காம்பராவுல வாங்கினேன்,” என்றாள் கருப்பாயி. “திங்கக்கெழம உங்களுக்கு வேணுமேன்னு.”

“என் கணக்கு மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“கணக்கு மேல நம்பிக்கைதான். வாய் மேலதான் இல்ல.”

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சாமியை விட்டுவிட்டு எண்ணினதற்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள். பிறகு, கடன் வாங்கின சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு பேச்சென்ன, முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். அடுத்த காம்பரா பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். முத்துவீரன் சுரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கோட்டும் வெளுத்த வேட்டியுமாக லயத்து ஓரமாக நடந்தான். பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். ஒரு கிழவி கண்டாக்கையாவின் பரம்பரையையே சபித்தாள். யாரோ ஒருவர் வெற்றிலைப் பையை அவிழ்த்து, வேலை போனால் போகட்டும் தம்பி, மனுசன் முக்கியம் என்று நல்ல கொழுந்து வெற்றிலையாக இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

முத்துவீரன் வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, நன்றாக மென்று முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.